பஞ்சும் சொல்லும்



கவிதைக்கென்று கூடிய அவையில் ஆங்கிலத் தேர்வுச் சொற்களைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழக்கூடும். அதற்கான விடை இவ்வூரின் பெயரிலேயே இருக்கிறது. விநாசம் என்பது அழிவு. அதன் முன்னே 'அ' வந்து நின்றால் அழிவின்மை. அவிநாசி என்று ஊர்ப்பெயரைச் சொல்லும் போதெல்லாம் இவ்வூர்க் குழந்தை ஒரு வேர்ச்சொல்லையும் ஒரு முன்னொட்டையும் சேர்த்தே சொல்கிறது. வடமொழியின் இந்த 'அ'வும், கிரேக்கத்தின் 'அ', 'அன்' என்பனவும், இலத்தீனின் 'இன்' என்பதும், ஆங்கிலத்தின் 'அன்' என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது மொழிநூலார் முடிவு. வடமொழியின் அமிர்தம், கிரேக்கத்தின் அம்ப்ரோசியா, இலத்தீன் வழியே ஆங்கிலம் பெற்ற இம்மார்ட்டல் ஆகிய மூன்றும் சாவின்மை என்னும் ஒரே கருத்தை, ஒரே கட்டுமானத்தில், ஒரே மூலத்திலிருந்து பெற்றவை. ஊர்ப்பெயரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவனுக்கு அயல்மொழிச் சொல்லைப் பிரித்துப் பார்க்கும் கண்ணும் திறந்தேயிருக்கிறது. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலை மட்டும் விழுங்குவதால் விளையும் இழப்பே இவ்வுரையின் பொருள்.

தேர்வும் பட்டியலும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புக்கும் ஆய்வுக்கும் செல்ல விரும்புவோர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வு, 1936-37இல் கார்னகி நிறுவனத்தின் முயற்சியில், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா என்னும் நான்கு பல்கலைக்கழகங்களின் துணையுடன் சோதனை முறையில் தொடங்கியது. பின்னர் அது, 1947இன் இறுதியில் நிறுவப்பட்ட எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்னும் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. கணக்கறிவுக்கு ஒரு பகுதி, மொழியறிவுக்கு ஒரு பகுதி என்று அமைந்த அத்தேர்வில், பொறியியல் படித்த தமிழ் மாணவர்க்குக் கணக்குப் பகுதி பெரும் அச்சம் தந்ததில்லை. மொழிப் பகுதியே மலையாக நின்றது.

அம்மலை உயர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை, ஒரு சொல்லைத் தனியே கொடுத்து அதற்கு எதிர்ச்சொல் கேட்பதும், ஒரு சொல்லிணையைக் கொடுத்து அதே உறவுடைய மற்றோரிணையைக் கேட்பதும் அத்தேர்வின் வழக்கம். வாக்கியம் இல்லை, சூழல் இல்லை. சொல் மட்டும் தனியே வந்து நிற்கும். தெரிந்தால் மதிப்பெண், தெரியாவிட்டால் இல்லை. ஆகவே பட்டியல்கள் பிறந்தன. பேரன்ஸ் வழிகாட்டி நூலின் 3,500 சொற்பட்டியல் கல்லூரி விடுதிகளில் கைமாறிக் கைமாறி நைந்துபோன ஒன்று.

2011இல் தேர்வு மாறியது. எதிர்ச்சொல் வினாவும் சொல்லிணை வினாவும் நீங்கின. ஒன்று முதல் மூன்று வரை வெற்றிடங்கள் கொண்ட பத்தியை நிரப்புதல், ஆறு சொற்களைக் கொடுத்து வாக்கியத்தை ஒரே பொருளில் முடிக்கும் இரண்டைத் தேர்தல், பத்தியைப் படித்து விடையளித்தல் என்பன நிலைபெற்றன. 2023 செப்டம்பரில் தேர்வு மேலும் சுருங்கி இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாயிற்று. மொழிப் பகுதிக்கு 27 வினாக்கள், 41 நிமிடங்கள். 2020இன் பெருந்தொற்றுக் காலம் தொட்டு, இத்தேர்வைக் கட்டாயமில்லை என்று கைவிட்ட துறைகளும் பல. ஆயினும் பட்டியல் சாகவில்லை. தேர்வு சொல்லின் பயன்பாட்டைக் கேட்கத் தொடங்கிய பின்னும், மாணவர் சொல்லின் எண்ணிக்கையையே எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

ஆங்கிலத் தாள் ஒருவரின் வழியை மறிப்பது புதிய செய்தியன்று. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த கணிதமேதை இராமானுசன், ஆங்கிலத்தில் தவறியதால் அவ்வுதவித்தொகையை இழந்தார் என்பது வரலாறு. அவர் மேதை, எப்படியோ வெளிச்சத்துக்கு வந்தார். மேதையல்லாத, ஆனால் அறிவும் உழைப்பும் உள்ள எத்தனையோ பேர் அந்தக் கதவருகே நின்று திரும்பியிருப்பர்.

ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடைப்பட்ட ஓர் ஊர். தந்தை பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். தாய் செக்கிங் பிரிவில் வேலை. பிள்ளை அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து, பொறியியலும் முடித்துவிட்டாள். குடும்பத்தில் முதற் பட்டதாரி. கையில் சொற்பட்டியல். முதற்பக்கத்திலேயே அபேஸ், அபாஷ், அபேட் என்று மூன்று சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று தாழ்த்துதல், மற்றொன்று நாணச் செய்தல், இன்னொன்று தணிதல். ஒலியால் உடன்பிறந்தவை போன்றும் பொருளால் அயலாராகவும் நிற்கும் இம்மூன்றையும் இரவு பதினொரு மணிக்கு அவள் உருப்போடுகிறாள். காலையில் எது எதுவென்று மயங்குகிறாள். "நமக்கு இங்கிலீஷ் வராதுங்கம்மா" என்று தாயிடம் சொல்கிறாள். பிழை அவளிடம் இல்லை. பொருளைப் பாராமல் அகர வரிசையில் சொற்களைக் கட்டிய பட்டியலிடம் இருக்கிறது.

நிகண்டு கற்ற நாடு

உருப்போடுதல் என்றாலே இழிவு என்று ஒரு கருத்து இப்போது பரவியிருக்கிறது. திண்ணைப் பள்ளியில் நிகண்டு மனப்பாடம் செய்த நாட்டுக்கு அக்கருத்து பொருந்தாது. மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவரே அந்நாளில் கற்றவர். ஆனால் அந்நிகண்டின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று பொருள் வழியே சொற்கள் அணிவகுக்கும். ஒரு பொருளுக்குரிய பல சொற்கள் ஒரு செய்யுளுக்குள் உறவினர் போல் கூடியிருக்கும். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களுக்கென ஒரு தொகுதி தனியே உண்டு. அனைத்தும் செய்யுள், நாவும் காதும் சேர்ந்து கற்கும்.

இன்றைய ஜி.ஆர்.இ. வினாவை இதனோடு ஒப்பிட்டால் வியப்பு மிகும். ஆறு சொற்களில் ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்க என்பது ஒருபொருட் பன்மொழி. தெரிந்த சொல்லைத் தெரியாத பொருளில் வைத்து மாணவரை மயக்குவது பலபொருள் ஒருமொழி. நிகண்டாசிரியர் வகுத்த இரண்டு பாதைகளில்தான் நியூ ஜெர்சியின் தேர்வு நிறுவனமும் நடக்கிறது. அகர வரிசை என்பது சொல்லைத் தேடுவதற்கு ஏற்றது. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியில் அதைத் தமிழுக்கு வழங்கியது பேருதவி. ஆனால் தேடுவதற்குரிய வரிசை கற்பதற்குரிய வரிசையன்று. அகராதியைத் தொடக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யும் கொடுமை எப்போதோ நுழைந்துவிட்டது.

1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் செருமானிய அறிஞர் மறதியை அளந்து ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று குறித்துவந்தார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. எஞ்சியது மெல்ல மெல்லத் தேய்கிறது. அவர் பொருளற்ற அசைகளைத் தேர்ந்ததே, மனத்தில் ஏற்கனவே உள்ள எதனோடும் அவை ஒட்டக்கூடாது என்பதற்காக. பட்டியலில் வரும் அயற்சொல்லும் அந்த மாணவிக்கு அத்தகைய பொருளற்ற அசையே. அதற்கு ஓர் உறவு கிடைக்கும் வரை அது மறக்கவே செய்யும்.

ஆடையிலிருந்து வந்த சொற்கள்

அந்த உறவு எங்கே கிடைக்கும்? வேறெங்கும் போக வேண்டியதில்லை. அவள் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கிறது. கடினச் சொற்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றுள் சில, பஞ்சும் நூலும் துணியும் பெற்ற பிள்ளைகள்.

பாம்பாஸ்ட் என்றொரு சொல். பொருளில்லாத ஆரவாரப் பேச்சு என்பது அதன் இன்றைய பொருள். 16ஆம் நூற்றாண்டில் அது பஞ்சையே குறித்தது. உடையை உப்பலாகக் காட்ட உள்ளே அடைக்கும் பஞ்சு அது. உள்ளீடில்லாமல் பஞ்சடைத்துப் பெருக்கிய பேச்சுக்கு அப்பெயர் ஏறியது. ஃபஸ்டியன் என்பது பருத்தி கலந்து நெய்த ஒருவகை முரட்டுத் துணி. எகிப்தின் ஃபுஸ்தாத் நகரப் பெயரிலிருந்து வந்ததென்பர். அதுவும் வெற்று ஆரவார நடைக்குப் பெயராயிற்று. தேர்வில் இவ்விரண்டும் ஒருபொருட் சொற்களாக வந்து நின்றால், பஞ்சடைத்த தலையணையைக் கண்ட பிள்ளைக்கு மயக்கம் வருமா?

ஷாடி என்றால் தரக்குறைவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் யார்க்சயரில், கிழிந்த கம்பளித் துணிகளைப் பிய்த்து மீண்டும் நூலாக்கி நெய்த துணிக்கு அப்பெயர். 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் அத்துணியால் தைத்த படையுடைகள் மழையில் நைந்து உதிர்ந்தன. சொல் இழிபொருளில் ஊன்றியது. கட்டிங் வேஸ்டை மூட்டையாகக் கட்டி, பிய்த்துப் பஞ்சாக்கி, மீண்டும் நூலாக்கும் ஆலைகளை இவ்வட்டாரத்து மக்கள் அறிவர். அவ்வேலை இன்று மறுசுழற்சி என்று போற்றப்படுகிறது. அன்று வசையான தொழில் இன்று புகழாகிறது. சொல் மட்டும் பழைய வசையைச் சுமந்து நிற்கிறது.

டென்டர்ஹூக் என்பது இன்னொன்று. நனைத்த துணி சுருங்காதிருக்க மரச்சட்டத்தில் விரித்துக் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் கட்டுவர். அந்தச் சட்டம் டென்டர், கொக்கி டென்டர்ஹூக். முடிவு தெரியாமல் தவிக்கும் நெஞ்சை ஆங்கிலத்தார் அந்தக் கொக்கியில் மாட்டிய துணியாகப் பார்த்தனர். திருப்பூரின் சாய, பதப்படுத்தல் ஆலைகளில் ஓடும் ஸ்டென்டர் இயந்திரம் அச்சட்டத்தின் வழிவந்தது, பெயரும் அதுவே. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவியின் மனநிலைக்கு அவள் ஊர் இயந்திரமே பெயர் கொடுத்து வைத்திருக்கிறது.

டெக்ஸ்டைல் என்பது துணி. டெக்ஸ்ட் என்பது பாடம். இரண்டும் நெய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. சூழல் என்று பொருள்படும் கான்டெக்ஸ்ட் உடன் நெய்தது. சாக்குப்போக்கு என்று பொருள்படும் ப்ரீடெக்ஸ்ட் முன்னால் நெய்து தொங்கவிட்ட திரை. ஒரு வேர் தெரிந்தால் நான்கு சொற்கள் கைவசமாகின்றன. இவையெல்லாம் தமிழருக்கு அயலான சிந்தனையா? இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்று ஒரே பெயரிட்ட மொழி தமிழ். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வாயைக் கையாகவும் மதியைக் கதிராகவும் உருவகித்து நூலுக்குப் பெயர்க்காரணம் சொன்னது நன்னூல். அதனை இயற்றிய பவணந்தியார் கொங்கின் சீனாபுரத்தவர் என்று கொள்வாரும் உண்டு. பவணந்தியார் காட்டிய அந்த உருவகத்தைத்தான் இலத்தீனும் வேறு வழியில் கண்டது.

கவனிக்க வேண்டிய எல்லை

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உறவு காண்பது வேறு. உறவு புனைவது வேறு. ஆங்கிலச் சொல் எதைக் கண்டாலும் அது தமிழிலிருந்து போனதே என்று ஒலியொப்புமை காட்டி மகிழும் வழக்கம் மேடைகளில் உண்டு. கட்டுமரமும் அணைக்கட்டும் மிளகுத்தண்ணீரும் சுருட்டும் ஆங்கில அகராதிக்குள் போனதற்குச் சான்று உண்டு. மற்றவற்றுக்கும் அத்தகைய சான்று வேண்டும். 1816இல் எல்லிசும் 1856இல் கால்டுவெல்லும் திராவிட மொழிகளைத் தனிக் குடும்பமாக நிறுவியதே ஒலியொப்புமையை நம்பாமல், முறையான மாற்றங்களைத் தேடியதால்தான்.

நினைவுக்காக ஒலியைப் பற்றிக்கொள்வதில் மட்டும் குற்றமில்லை. வெளிறியது என்று பொருள்படும் பல்லிட் என்னும் சொல்லைக் கேட்டதும் சுவரில் ஒட்டியிருக்கும் வெளிறிய பல்லியை மனத்தில் நிறுத்தினால் சொல் மறக்காது. 1975இல் அட்கின்சன், ராஃப் என்னும் அமெரிக்க உளவியலார் இத்தகைய முறை அயல்மொழிச் சொற்களைக் கற்பதற்கு உதவுவதைச் சோதித்துக் காட்டினர். பல்லி நினைவுக்கு ஏணி. ஏணியையே வேர் என்று நம்பிவிடாதிருப்பது அறிவு.

பட்டியலில் ஒரு சாதிப்பெயர்

உறவைத் தேடிச் செல்பவர் நெஞ்சு சுடும் இடமும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இப்பேச்சு நேர்மையுடையதாகாது.

ஜி.ஆர்.இ. பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் சொற்களில் ஒன்று பரையா. பொருள்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர், எவரும் அண்டாதவர். நாடுகளைக் குறித்தும் இதழ்கள் அவ்வாறே எழுதும். மாணவி மனப்பாடம் செய்கிறாள். அது தமிழ்ச் சொல் என்பதை அவளுக்கு எவரும் சொல்வதில்லை. பறை என்னும் கருவியின் பெயரடியாக வந்த பறையர் என்னும் மக்கட்பெயரை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பயணிகள் தம் நூல்களுக்குள் கொண்டுபோயினர். நாளடைவில் அது இழிந்தோர் அனைவர்க்கும் பொதுப்பெயராயிற்று. 1821இல் பாரிசில் கசிமீர் டெலவீன் எழுதிய நாடகம் அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டது. மாக்ஸ் வேபர் அதைச் சமூகவியற் கலைச்சொல்லாகவும் ஆக்கினார்.

அதே காலவோட்டத்தில் இங்கே நிகழ்ந்ததையும் நினைவுகூர வேண்டும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் பறையன். உலகம் வசையாக்கிய பெயரை ஒருவர் தலைநிமிர்ந்து தம் இதழின் நெற்றியில் எழுதினார். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தமும், ஒருவரைப் பொதுவில் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டனைக்குரியதாக்கின. இந்நாட்டுத் தெருவில் குற்றமாகும் வழக்கு, அமெரிக்கத் தேர்வுக்கான பட்டியலில் எளிய பொருட்சொல்லாக நிற்கிறது. அப்பட்டியலைப் படிக்கும் பிள்ளை அக்குலத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். தன் பாட்டன் வாசித்த கருவியின் பெயர்தான் இது என்று அறியாமலே, ஒதுக்கப்பட்டவர் என்று பொருள் எழுதி மதிப்பெண் வாங்குவாள். அறிந்து எழுதினால் கை ஒரு கணம் நிற்கும்.

அந்தக் கணம் வேண்டும். அச்சொல்லைப் படிக்காதே என்று சொல்வதற்கில்லை, தேர்வு கேட்கும். ஆனால் சொல்லின் பொருளை மட்டும் கற்றவர் அந்த வசையைத் தாமும் கடத்துவார். சொல்லின் வரலாற்றையும் கற்றவர், நாளை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒதுக்கப்பட்டவர் என்னும் பொருளுக்கு வேறு சொற்கள் உண்டென்று அறிந்து, அவற்றுள் ஒன்றை எடுப்பார். தேர்வுக்குப் பயன்படும் சொல்லறிவும் வாழ்வுக்குப் பயன்படும் சொல்லறிவும் பிரியும் இடம் இதுவே.

குளம் நிரப்பும் முறை

இனி, நடைமுறை. உறவு கிடைத்த சொல்லும் ஒருமுறை கேட்டதோடு நிலைக்காது. எபிங்ஹவுசே அதற்கும் வழி சொன்னார்: ஒரே இரவில் பலமுறை படிப்பதைவிட, நாட்கணக்கில் இடைவெளிவிட்டுச் சிலமுறை படிப்பது மேல். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்பார் அதை ஏழையும் செய்யக்கூடிய முறையாக்கினார். ஒரு பெட்டியில் ஐந்து அறைகள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. புதிய அட்டைகள் முதல் அறையில். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும் பார்க்க வேண்டும். மற்ற அறைகளை மேலும் மேலும் நீண்ட இடைவெளியில் பார்த்தால் போதும். தெரிந்ததற்கு நேரம் வீணாகாது; தெரியாதது தப்பிப் போகாது. பனியன் அடைத்து வரும் அட்டைப்பெட்டி ஒன்று போதும், செலவு இல்லை.

இவ்வட்டாரத்தார்க்கு இதனை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் அறுபதாண்டுக் காலக் கோரிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே அனுப்புவது அதன் நோக்கம். ஒரே பேரணையில் தேக்குவதில்லை. சிறு சிறு குளங்களில் விட்டு, ஊறவிட்டு, நிலத்தடியை உயர்த்துவது. சொல்லறிவும் நிலத்தடி நீர் போன்றது. ஒருநாள் வெள்ளம் ஓடிப்போகும். பலநாள் ஊற்றே கிணற்றில் நிற்கும்.

ஒவ்வோர் அட்டையிலும் ஆங்கிலச் சொல்லும் பொருளும் மட்டும் எழுதினால் போதாது. சொல் இடம்பெறும் ஒரு வாக்கியமும், அதற்கு நேரான தமிழ்ச்சொல்லும் வேண்டும். நேர்த்தமிழ் தேடும் உழைப்பே சொல்லின் நுட்பத்தைக் காட்டிக்கொடுக்கும். சான்றாக, பேச்சு மிகுதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல. கேருலஸ் என்றால் வெட்டிப்பேச்சு. எலக்வென்ட் என்றால் நாவன்மை. முன்னதை வளவளப்பு என்றும் பின்னதைச் சொல்வன்மை என்றும் எழுதிய கைக்கு அவ்விரண்டும் ஒருநாளும் குழம்பா. லக்கானிக் என்பது சுருங்கச் சொல்லுதல். கிரேக்கத்தின் ஸ்பார்ட்டா இருந்த லக்கோனியா நாட்டின் பெயரால் வந்தது. மாசிடோனிய மன்னன் பிலிப்பு, "உங்கள் நாட்டுக்குள் நான் நுழைந்தால் உங்களை அழித்துவிடுவேன்" என்று தூதனுப்பினானாம். ஸ்பார்ட்டர் விடுத்த மறுமொழி: "நுழைந்தால்." நூலுக்குரிய பத்து அழகினுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்த இலக்கண மரபுக்கு இக்கதை அயலாகுமா? இங்கே ஆங்கிலச் சொல்லோடு தமிழ் இலக்கணமும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

வட்டத்தின் கடமை

அயல்மொழியைக் கற்பதால் தமிழ் தேயும் என்று அஞ்சுவோர்க்கு இம்மண்ணிலேயே விடையுண்டு. 1903இல் திருப்பூரில் பிறந்து, இவ்வூர் இறைவன் பெயரையே தாங்கியவர் தி.சு. அவிநாசிலிங்கம். 1946இல் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரான அவர், அவ்வாண்டிலேயே தமிழ் வளர்ச்சிக் கழகம் அமையக் காரணமாயிருந்தார். அக்கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதன்மை ஆசிரியர் பெ. தூரன், கொங்கின் மற்றொரு பிள்ளை, கவிஞர். ஆங்கிலத்தில் வந்த அறிவை ஆங்கிலத்திலேயே விழுங்காமல், ஒவ்வொரு துறைக்கும் தமிழ் தேடி எழுதியும் எழுதுவித்தும் அந்த வேலையைக் கவிஞர் ஒருவர் ஏற்று நடத்தினார் என்பதை இவ்வவையின் கவிஞர்கள் மறக்கலாகாது. இருமொழியையும் ஆழக் கற்றவரால்தான் அது முடிந்தது.

எனவே இவ்வட்டம் தன் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு சிறு வேலையை ஏற்கலாம். திங்கள்தோறும் ஒருநாள் மாலை, அயல்நாட்டுத் தேர்வோ வேறு தேர்வோ எழுத முனையும் இவ்வூர்ப் பிள்ளைகள் வந்து அமரட்டும். அவர்கள் பத்துச் சொற்கள் கொண்டுவரட்டும். கவிஞர்கள் அச்சொற்களுக்குரிய தமிழைத் தரட்டும். பிள்ளைக்குத் தேர்வுச் சொல் கிடைக்கும். கவிஞருக்கு மறந்துபோன தமிழ்ச்சொல் மீளும். ஓவர்லாக் டெய்லரின் மகள் கொண்டுவரும் பாம்பாஸ்டுக்குப் பஞ்சுப்பேச்சு என்று யாரேனும் ஒருவர் பெயர் வைத்தால், தமிழுக்கும் ஒரு சொல் மிகும்.

இவ்வூர்ப் புராணத்தை அவையோர் அறிவர். திருப்புக்கொளியூரில் எதிரெதிர் வீடுகள். ஒன்றில் மகனுக்குப் பூணூல் கலியாணம், மற்றொன்றில் அழுகை. அழுத வீட்டுப் பிள்ளையைச் சில ஆண்டுகளுக்கு முன் குளத்து முதலை விழுங்கியிருந்தது. சுந்தரர் குளக்கரையில் நின்று பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. வந்த பிள்ளை, விழுங்கப்பட்ட நாளிலிருந்த உருவில் வரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்பது கதை.

பட்டியலும் சொற்களை விழுங்கும் முதலைதான். விழுங்கிய சொற்களை அது உருமாறாமல் அப்படியே வைத்திருக்கும். அவற்றை வளர்த்துத் திருப்பித் தர அதற்குத் தெரியாது. கரையில் நின்று பாடுவதற்கு ஒருவர் வேண்டும். அந்தக் குளக்கரை இவ்வூரிலேயே இருக்கிறது. பாடத் தெரிந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள்.